ரெய்னர்ஸ் லேனில் ஒரு நிமிட இரைச்சல்

காலை ஒன்பது மணியிலிருந்தே எங்கள் தெருவில் வேன்கள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டன. எல்லாம் பழைய வேன்கள். பின்கதவுகளில் சேறு தெறித்துக் காய்ந்திருந்தது. ஒருவர் கதவைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். உள்ளே இரண்டு மோட்டார் சைக்கிள்களைப் பட்டைநாடாவால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். விளக்கு இல்லை, பதிவெண் பலகை இல்லை, ஹாரன் இல்லை. சாலையில் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்காத வண்டிகள். பந்தயத் திடலுக்கு வேனில் போய், வேனிலேயே வீடு திரும்புகிறவை. அன்று ஒரு சாவுக்கு வந்திருந்தன.

இறந்தவர் எங்கள் தெருக்காரர், எண்பதைத் தாண்டிய ஆங்கிலேயர். பந்தயத்தில் அடிபட்டுச் சாகவில்லை. மருத்துவமனைக் கட்டிலில், தூக்கத்தில் போனார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தயக்காரர் ஒருவர் இறந்தார் என்றால் நம் மனம் நேராக விபத்துக்குத்தான் ஓடுகிறது. பழைய வண்டிகளை மண்ணிலும் சேற்றிலும் ஓட்டும் இந்தக் கூட்டத்தில் வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மூப்புதான் ஆளை எடுத்துக்கொண்டு போகிறது. அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை, குடும்பத்தார் கூச்ச சுபாவம் உள்ளவர்கள். அவருடைய கிளப்பின் ஏட்டில் அந்தப் பெயர் பத்திரமாக இருக்கிறது.

ரெய்னர்ஸ் லேன் சேற்றுக்கும் புழுதிக்கும் சம்பந்தமில்லாத ஊர். லண்டனின் வடமேற்கு விளிம்பில், ஹாரோ மாநகராட்சிக்குள், மெட்ரோபாலிட்டன் ரயிலும் பிக்கடில்லி ரயிலும் சந்திக்கும் இடம். ரயில் வந்தபிறகு வயல்களை மனை போட்டு விற்று எழுப்பிய புறநகர். சார்லஸ் ஹோல்டனும் ரெஜினால்ட் யூரனும் வரைந்து 1938இல் கட்டிய நிலையம், செங்கல்லும் கண்ணாடியுமாக உயர்ந்து நிற்கிறது. கொஞ்சம் தள்ளி, அலெக்ஸாண்ட்ரா அவென்யூவில் 1936இல் திறந்த கிராஸ்வெனர் சினிமா கொட்டகை. முகப்பில் யானைத் துதிக்கைபோல ஒரு கான்கிரீட் வளைவு இறங்கும். இன்று அது பார்சிகளின் ஜொராஸ்ட்ரியன் மையம். கடைத்தெருவில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும். காலுறையில் அழுக்குப் படாமல் ஒரு வாழ்நாளை ஓட்டிவிடலாம்.

பெரியவர் அப்படி ஓட்டவில்லை. அவர் வீட்டு கராஜில் கார் நின்று நான் பார்த்ததே இல்லை. கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். உள்ளே இருந்து ரேடியோவும் அரத்தின் சத்தமும் வரும். எழுபது வயது தாண்டியும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமப்புறத்து மேட்டு நிலங்களுக்குப் போய்ப் பந்தயம் ஓட்டியவர். அவர் ஓட்டியதை இங்கே ஸ்கிராம்பிளிங் என்பார்கள். பிற்காலத்தில் உலகம் மோட்டோகிராஸ் என்று அழைத்த விளையாட்டின் தகப்பன் அது. 1924 மார்ச் 29 அன்று, லண்டனுக்குத் தென்மேற்கே கேம்பர்லியின் புதர்க்காட்டு மேட்டில் நடந்ததுதான் முதல் ஸ்கிராம்பிள் என்று இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்காட் வண்டி ஓட்டிய ஆர்தர் ஸ்பார்க்ஸ் அதில் வென்றார். 1960களில் குளிர்காலச் சனிக்கிழமைகளில் பிபிசி இதை நேரடியாகவே ஒளிபரப்பியது. கறுப்பு வெள்ளைத் திரையில் கறுப்புச் சேறு. அந்தக் காலத்துப் பையன்களுக்கு ஜெஃப் ஸ்மித் தான் நாயகன். 1964, 1965 இரண்டு ஆண்டுகளும் பிஎஸ்ஏ வண்டியில் 500 சிசி உலகப் பட்டம் வென்றவர். அதன்பிறகு ஐரோப்பாவின் இலகுவான டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் வந்து எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டன. அதனால்தான் பழைய வண்டிக்காரர்கள் 1965ஐ எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டுமான பந்தயங்களை 'ப்ரீ-65' என்கிறார்கள்.

சாவு நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இங்கே அது வழக்கம். டாக்டர் சான்றிதழ், பதிவு, தகன நிலையத்தில் நேரம் கிடைப்பது என்று எல்லாவற்றுக்கும் வரிசை. பால் வாங்க முனைக்கடைக்குப் போனபோது கடைக்கார யாழ்ப்பாணத்து அண்ணன் கேட்டார்:

"என்ன தம்பி, இண்டைக்கோ கிழவற்ற செத்தவீடு?"

"ஆமாண்ணே. பத்தரைக்கு எடுக்கிறாங்க."

"மூண்டு கிழமையா வச்சிருந்தவங்கள். எங்கட ஆக்களுக்கும் இங்க அப்பிடித்தானே, என்ன செய்யிறது. மனுசன் சனிக்கிழமை தவறாம வந்து மிக்சர் வாங்குவார். உறைப்பெண்டா அவருக்கு உயிர்." கல்லாவை மூடாமலே வாசலுக்கு வந்து நின்று பார்த்தார். "இவ்வளவு சனம் வருமெண்டு நான் நினைக்கேல்ல."

நானும் நினைக்கவில்லை. தனியாக வாழ்ந்த மனிதர். மகள் ஒருத்தி, வேறு ஊரில். வாசலில் நின்றவர்களோ ஐம்பதுக்கும் மேல். கறுப்புக் கோட்டு போட்டவர்கள் குறைவு. பலர் மெழுகு பூசிய பருத்திச் சட்டை அணிந்திருந்தார்கள். பார்பர் நிறுவனம் 1936இல் சர்வதேச ஆறுநாள் மோட்டார் சைக்கிள் போட்டிக்காகத் தைத்து, இன்றுவரை விற்கும் அதே தினுசு. புதிதாக வாங்கிப் பகட்டுக்குப் போட்டவை அல்ல. முழங்கையில் ஒட்டு, பையின் ஓரத்தில் எண்ணெய்க் கறை. அவர்களுக்கு மரியாதை உடுப்பு அதுதான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அமரர் ஊர்தி வந்தது. மோட்டார் சைக்கிளோடு இணைத்த கண்ணாடிப் பெட்டி. சைடுகார் இருக்க வேண்டிய இடத்தில் சவப்பெட்டி படுத்திருக்கும், ஓட்டுபவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவார். பெந்தெகொஸ்தே போதகரான பால் சின்க்ளேர் என்பவர் 2002இல் இதை ஒரு தொழிலாகவே தொடங்கினார். வாழ்நாள் முழுக்க இரண்டு சக்கரத்தில் போனவரைக் கடைசியில் காரில் ஏற்றுவானேன் என்பது அவருடைய கட்சி. எனக்கு முதலில் இது கொஞ்சம் விளையாட்டுத்தனமாகப் பட்டது. பெட்டிக்குள் பார்த்தபிறகு அந்த எண்ணம் போய்விட்டது. மலர்வளையம் கால்மாட்டில் இருந்தது. மேலே, நெஞ்சுக்கு நேராக, பெரியவரின் பந்தய எண் பலகை. நீள்வட்டத் தகடு, ஒரு மூலை மடங்கி, வெள்ளைப் பெயின்ட் உரிந்து. அதைத் துடைக்கக்கூட இல்லை. பக்கத்தில் நிறம் போன தலைக்கவசம். அவ்வளவுதான்.

தொப்பி வைத்த ஒருவர் ஊர்திக்கு முன்னால் தெருமுனைவரை நடந்து போனார். ஊர்வலம் அவர் பின்னால் ஊர்ந்தது. முனை தாண்டியதும் அவர் விலகிக்கொள்ள, வண்டிகள் ஈஸ்ட்கோட் பக்கம் திரும்பின. எனக்கு ஒரு வேனின் முன் இருக்கையில் இடம் கிடைத்தது. ஓட்டியவர் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன். "மெட்ராஸா? புல்லட் ஊராயிற்றே!" என்றார். அதன்பிறகு ரைஸ்லிப் வரும்வரை அவர்தான் பேசினார்.

அவர் சொன்னதில் பாதி எனக்குத் தெரியும், பாதி தெரியாது. புல்லட் நம் ஊரில் இன்ஸ்பெக்டர் வண்டி, மிராசுதார் வண்டி. நேர்ச் சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து போகும் வண்டி. ஆனால் அது பிறந்தது மேட்டிலும் சகதியிலும். பின்சக்கரத்துக்கு ஊசலாடும் ஃபோர்க்கும் ஷாக் அப்சார்பரும் வைத்த புல்லட்டை 1948இல் ராயல் என்ஃபீல்ட் முதலில் இறக்கியது கரடுமுரடுத் தடங்களில் நடக்கும் ட்ரயல்ஸ் போட்டியில்தான். அந்த ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறுநாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு பேர் புல்லட்டில் போனார்கள். ஒருவர் விக் பிரிட்டன். அவர் மகன் ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்து ஆறுநாள் ட்ரயலை வென்றார். அந்த வண்டிதான் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு சேர்ந்து திருவொற்றியூருக்கு வந்தது. இங்கிலாந்தில் தொழிற்சாலை மூடிப்போனபிறகு 1977இல் மெட்ராஸிலிருந்தே இங்கே திரும்பி விற்பனைக்கும் வந்தது. "எங்கள் வண்டியை நீங்கள்தான் காப்பாற்றினீர்கள்" என்றார் அவர். நாங்கள் அதைக் காப்பாற்றவில்லை, மாற்று இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று சொல்ல வாய் வந்தது. சாவுக்குப் போகும் வழியில் அந்த வாதம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பிரேக்ஸ்பியர் தகன நிலையம் ரைஸ்லிப்பின் ஓரத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது. எங்களுக்கு முந்தைய நேரம் ஒரு குஜராத்திக் குடும்பத்துக்கு. அவர்கள் வெள்ளை உடுப்பில் ஒரு கதவு வழியாக வெளியேற, நாங்கள் எண்ணெய்க் கறைச் சட்டைகளோடு இன்னொரு கதவு வழியாக உள்ளே போனோம். ஒவ்வொரு சாவுக்கும் அளந்து கொடுத்த நேரம். கடிகாரம் பார்த்துத்தான் அழ வேண்டும்.

அங்கே பேசியவர் ஒருவர்தான். நாற்பது ஆண்டு பெரியவரோடு போட்டி போட்டவர். நல்ல மனிதர், அன்பான தகப்பன் என்ற வழக்கமான சொற்கள் எதுவும் வரவில்லை. கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து வாசித்தார். பெரியவர் மருத்துவமனைக்குப் போகுமுன் எழுதி வைத்த பட்டியல். எந்த உதிரிபாகம் யாருக்கு. பற்சக்கரங்கள் இன்னாருக்கு. புகையிலை டப்பாவில் இருக்கும் கார்புரேட்டர் ஜெட்டுகள் இன்னாருக்கு, ஆனால் டப்பா திரும்ப வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லி, இவர் என்றோ இரவல் வாங்கிய பிஸ்டனைத் தரவே இல்லை, அதனால் இவருக்கு ஒன்றும் கிடையாது. சபை சிரித்தது. அந்தப் பக்கத்து ஊர்க்காரரும் மூன்றாவது வரிசையில் இருந்தார். அவர் சிரித்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதற்குமேல் அந்த அறையில் இரங்கல் உரை தேவைப்படவில்லை.

வெளியே வந்ததும் எல்லாரும் வேன்களிடம் போனார்கள். பின்கதவுகள் திறந்தன. பலகைச் சரிவில் வண்டிகள் இறங்கின. முன்னமே அனுமதி வாங்கியிருந்தார்கள்போல, ஊழியர் ஒருவர் வந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டிவிட்டு நகர்ந்தார். ஒருவர் கையை உயர்த்த, கிக்கர்கள் மிதிபட்டன. இரண்டு வண்டிகள் கிளம்பவில்லை, ஆட்கள் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே இருந்தார்கள். மற்றவை கத்தின. ஆக்சிலரேட்டரை முறுக்கி முறுக்கி ஒரு முழு நிமிடம். பறவைகள் கலைந்தன. என் விலா எலும்பு அதிர்ந்தது.

மௌன அஞ்சலிக்குப் பதில் இரைச்சல் அஞ்சலி. பந்தய உலகத்தில் இது ஊன்றிப்போன வழக்கம். 2011 அக்டோபரில் மலேசியாவின் செபாங்கில் பந்தயத்தின்போது மோட்டார் சைக்கிள் வீரர் மார்கோ சிமொன்செல்லி இறந்தபிறகு, அடுத்த பந்தயமான வலென்சியாவில் மௌனம் வேண்டாம், சத்தம் போடுங்கள் என்று கேட்டது அவருடைய தகப்பனார். சிமொன்செல்லியின் வண்டியை முன்னாள் பந்தயக்காரர் கெவின் ஷ்வான்ட்ஸ் ஓட்டி வர, மற்ற எல்லாரும் பின்தொடர்ந்தார்கள். பறையும் சங்கும் வெடியும் வைத்து வழியனுப்பும் ஊரிலிருந்து வந்த எனக்கு இதில் அதிசயம் இல்லை. மூன்று வாரமாக இந்த ஊரின் அமைதிதான் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

என்னை உண்மையில் நிறுத்தியது வாசனை. நீலப்புகை கலைந்து வந்து மூக்கில் ஏறியபோது, எங்கோ தெரிந்த நெடி. விளக்கெண்ணெய். பழைய பந்தய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இன்னும் ஆமணக்கு எண்ணெய் சேர்ந்த ஆயிலைத்தான் பெட்ரோலில் கலக்கிறார்கள். சூட்டில் உடையாமல் பிஸ்டனைக் காப்பது அதன் குணம். அது எரியும்போது வரும் நெடிக்கு இவர்கள் அடிமை. சின்ன வயதில் மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்து என் தொண்டையில் ஊற்றிய சமாசாரத்துக்காக, கிழவர்கள் கண்ணை மூடி மூச்சு இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

அங்கிருந்து ஏஸ் கஃபே போனோம். வடக்குச் சுற்றுச்சாலை ஓரத்தில், ஸ்டோன்பிரிட்ஜில் இருக்கிறது. லாரிக்காரர்களுக்காக 1938இல் திறந்தது, போரில் குண்டு விழுந்து இடிந்தது, 1949இல் திரும்பக் கட்டியது, 1969இல் மூடியது, நடுவில் டயர் கடையாக இருந்தது, 2001இல் மறுபடி திறந்தது. தோல் ஜாக்கெட் போட்ட ராக்கர் பையன்கள் மணிக்கு 100 மைல் தொடுவதற்காக இங்கிருந்துதான் சீறிக் கிளம்பினார்கள். 1960களின் தொடக்கத்தில் பில் ஷெர்கோல்ட் என்ற பாதிரியார் இதே கடைக்குத் துண்டுச்சீட்டோடு வந்து, ஊரே ரவுடி என்று ஒதுக்கிய இந்தப் பையன்களைத் தன் தேவாலயத்துக்கு அழைத்தார். அவர் நடத்திய 59 கிளப் உலகறிந்த மோட்டார் சைக்கிள் கிளப்பானது. கட்டடத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. டீ சுமார்தான்.

டீயோடு வந்த கதை அப்படியல்ல. பெரியவர் வைத்திருந்த வண்டி கிரீவ்ஸ். எசெக்ஸில் தண்டர்ஸ்லி என்ற ஊரில், கால் வழங்காத தன் உறவினர் டெர்ரி பிரஸ்டன்-காப் ஓட்டுவதற்காக மோட்டார் வைத்த நாற்காலி வண்டி செய்யப்போய், அதிலிருந்து மோட்டார் சைக்கிள் தொழிலுக்கு வந்தவர் பெர்ட் கிரீவ்ஸ். 1957இல் ஹாக்ஸ்டோன் பார்க் திடலில் பிரையன் ஸ்டோன்பிரிட்ஜ் அவருடைய 197 சிசி வண்டியை எடுத்துக்கொண்டு போய், 350 சிசி பந்தயத்தை வென்று, 500 சிசி பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். பொடியன் கையில் ஜமீன்தார்கள் தோற்ற கதை அது. கம்பெனி அடுத்து செய்த மாடலுக்கு ஹாக்ஸ்டோன் என்றே பெயர் வைத்தது. 1959இல் 250 சிசி ஐரோப்பியப் பட்டத்தை ஸ்டோன்பிரிட்ஜ் சுவீடனின் ரோல்ஃப் டிப்ளினிடம் மயிரிழையில் இழந்தார். அந்த அக்டோபரிலேயே, பெர்ட் கிரீவ்ஸுடன் காரில் வரும்போது நடந்த விபத்தில் இறந்துபோனார். பந்தயத்தில் விழாதவர் சாலையில் போனார்.

மிச்சத்தை நிறைவேற்றியது அதே அணியில் ஓட்டிய சஃபோக் பையன் டேவ் பிக்கர்ஸ். 1960இல் அந்த ஐரோப்பியப் பட்டத்தை கிரீவ்ஸ் வண்டியிலேயே வென்றார். 1961இலும் வென்றார். பிற்பாடு சினிமா சண்டைக் காட்சிகளுக்கு வண்டிகள் செய்து கொடுக்கும் தொழில் நடத்தி, 2014இல் 76 வயதில் காலமானார். மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட ஸ்டோன்பிரிட்ஜைப் பந்தயத்தில் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு, அன்று அவர்கள் சிறுவர்கள். ஆனாலும் எல்லாருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. ஒருவர் ஆண்டைத் தவறாகச் சொன்னபோது மூன்று பேர் திருத்தினார்கள்.

அப்புறம்தான் சண்டை வந்தது. பெரியவரின் கிரீவ்ஸை என்ன செய்வது? பட்டியலில் வண்டியைப் பற்றி மட்டும் எதுவும் எழுதவில்லை. அருங்காட்சியகத்துக்குக் கொடுப்போம் என்றார் ஒருவர். விற்றுப் பணத்தை மகளிடம் கொடுப்போம், இன்றைக்கு நல்ல விலை போகும் என்றார் இன்னொருவர். சுண்டுவிரல் பாதியான வேன்காரர் கோப்பையை டொக்கென்று வைத்தார். "அடுத்த பந்தயத்துக்கு யாராவது அதை ஓட்ட வேண்டும். கீழே போட்டு வளைத்தாலும் பரவாயில்லை, வளைந்ததை நிமிர்த்தத்தானே நாம் இருக்கிறோம்." அவர் கட்சிக்குத்தான் ஆதரவு அதிகம். கடைசியில் மகளே சொன்னாள்: "ஓட்டுங்கள். அப்பா அதைத் துணி போட்டு மூடியதே இல்லை." அவள் அதுவரை மேசையின் ஓரத்தில் பேசாமல் இருந்தாள்.

நான் வேன்காரர் பக்கம். இந்தக் கூட்டம் துக்கத்தைக் கையால் அனுபவிக்கிறது. செத்தவரின் வண்டி ஓடும்வரை அவர் பெயர் திடலின் ஒலிபெருக்கியில் வரும், இது இன்னாருடைய வண்டி என்று. அருங்காட்சியகத்தில் வைத்தால் வண்டியின் பெயர்தான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது.

நம்மவர்களுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அன்று அந்த மேசையில் அதைச் சொன்னேன். இந்தியாவின் ஹீரோ அணிக்காக டகார் ராலி ஓட்டிய போர்ச்சுகல்காரர் பாவ்லோ கொன்சால்வெஸ், 2020 ஜனவரி 12 அன்று சவூதிப் பாலைவனத்தில் 276வது கிலோமீட்டரில் விழுந்து இறந்தார். வயது 40. அடுத்த நாள் மோட்டார் சைக்கிள்களுக்கான கட்டத்தையே ரத்து செய்தார்கள். பெங்களூர்க்காரர் சி.எஸ். சந்தோஷ் உள்பட ஹீரோ அணியினர் எல்லாருமே ராலியை விட்டு விலகினார்கள். அடுத்த ஆண்டு சந்தோஷும் விழுந்து, தலையில் அடிபட்டு, மருந்து கொடுத்து உறக்கத்தில் வைக்கும் நிலைக்குப் போய், பிழைத்து வந்தார். 2022 ஜனவரியில் ஹீரோ அணிக்கு டகாரில் முதல்முறையாக ஒரு கட்ட வெற்றியைப் பெற்றுத் தந்தவர் ஜோவாகிம் ரோட்ரிகெஸ். செத்த கொன்சால்வெஸின் மைத்துனர். பிக்கர்ஸ் செய்ததைத்தான் அவரும் செய்தார். மேசையில் இருந்தவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. தலையை ஆட்டினார்கள்.

சென்னையில் என்ன வழக்கம் என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருங்காட்டுக்கோட்டைத் திடலில் 2023 ஜனவரியில் 59 வயது மூத்த கார் பந்தயக்காரர் கே.இ. குமார் இறந்ததையும், அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று பெங்களூர்ப் பையன் ஷ்ரேயாஸ் ஹரீஷ் 13 வயதில் இறந்ததையும் சொன்னேன். முந்தைய ஆண்டுதான் மினிஜிபி இந்தியா பட்டம் வென்றிருந்தான். இரண்டு முறையும் மிச்சப் பந்தயங்களை நிறுத்தினார்கள். பதின்மூன்று என்றதும் மேசை அமைதியானது. வயதாகிப் போனார் என்ற ஆறுதல் அந்தச் சாவுக்குப் பொருந்தாது. நானும் பேச்சை மாற்றிவிட்டேன்.

சோழவரத்துக்கு மாற்றினேன். இரண்டாம் உலகப் போரின் விமான ஓடுதளம், சென்னைக்கு வடக்கே. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் திடல் வரும்வரை பல பத்தாண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. மகாராஜாக்களின் கார்களைப் பற்றியும் தொழிலதிபர்களின் கார்களைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதே வெயிலில் புல்லட்டையும் ஜாவாவையும் யெஸ்டியையும் தாங்களே பிரித்து மாட்டிக்கொண்டு வந்து ஓட்டிய பட்டறைக்காரப் பையன்கள், சிலிண்டரை அரம் போட்டுக் கொடுத்த மெக்கானிக்குகள், சூப்பர்கிராஸ் மண்மேடுகளில் டிவிஎஸ்ஸையும் சுசுகியையும் தாவவிட்டவர்கள் ஆகியோரைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. அவர்களில் பலர் இப்போது அறுபது, எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு காக்கும் சண்டையில் செத்த வீரனோடு, திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயரையே விடாமல் பொறித்த மண்ணில், சோழவரத்தில் கொடி வாங்கிய மனிதனின் பெயர் ஒரு மங்கிய புகைப்படத்தில் 'இடமிருந்து மூன்றாவது' என்று நிற்பது எனக்கு ஒப்பவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால் வெளியே எடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: யார், எந்த வண்டி, எந்த ஆண்டு, வண்டியைத் தயார் செய்த மெக்கானிக் யார். உங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பந்தயம் ஓட்டிய பெரியவர் யாராவது இருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.